107 புள்ளி போதாதா?

கேள்வி: 2022-23 இங்கிலாந்து நேஷனல் லீக் கால்பந்தில் நாட்ஸ் கவுன்டி அணி 107 புள்ளி எடுத்தும் நேரடியாக மேல்நிலை லீக்குக்குப் போகவில்லையே, ஏன்?

பதில்: அந்த ஐந்தாம் நிலை லீக்கில் நேரடி உயர்வு முதலிடத்துக்கு மட்டும்தான். ரெக்ஸம் 111 புள்ளிகளுடன் அதைப் பிடித்தது. 46 ஆட்டங்களில் இரண்டு அணிகளுமே தோற்றது தலா வெறும் மூன்றுதான்! ரெக்ஸமுக்கு 9 டிரா, கவுன்டிக்கு 11. டிராவுக்கு ஒன்று, வெற்றிக்கு மூன்று என்பதால், அந்த இரண்டு டிராக்களே நான்கு புள்ளி வித்தியாசம். நேருக்கு நேர் மோதலில் ரெக்ஸம் 3-2 என முன்னிலையில் இருந்தபோது, கவுன்டியின் கடைசி நேர பெனால்டியை ரெக்ஸம் கோல்கீப்பர் பென் ஃபாஸ்டர் தடுத்தார். அது கோலாகியிருந்தால் இடைவெளி ஒரே புள்ளி. பிறகு கவுன்டியும், மேலேறும் இன்னோர் இடத்துக்கான பிளே-ஆஃப் சுற்றின் இறுதியில் செஸ்டர்ஃபீல்டை பெனால்டி ஷூட்அவுட்டில் வென்று மேலேறிவிட்டது. இரண்டாமிடம் என்பதால் பிளே-ஆஃபில் நேராக அரையிறுதி. அந்தச் சலுகை சின்னதல்ல.