கண்ணாடி ஊதும் கலை: கேள்வி பதில்

ஐயா, கண்ணாடி ஊதுவதில் தேர்ந்தவன் என்று சொல்லிக்கொள்ள எத்தனை ஆண்டுகள் ஆகும்?

சொல்லிக்கொள்ள ஒரு மாதம் போதும். அப்படிச் சொல்லித் திரிகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று. கை சொன்னபடி கேட்பதற்குத்தான் காலம் பிடிக்கும். இத்தாலியின் முரானோ தீவைச் சேர்ந்த கண்ணாடிக் கலைஞர் லீனோ தாலியாபியெத்ரா 1934இல் பிறந்தவர். 11 வயதில் பட்டறைக்குள் நுழைந்து, 21 வயதில் ‘மாயெஸ்த்ரோ’ (தேர்ந்த ஆசான்) பட்டம் பெற்றார். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் தொழிற்சாலைகளுக்காகவே ஊதினார். 1979இல் அமெரிக்காவின் பில்சக் கண்ணாடிக் கலைப் பள்ளிக்குக் கற்பிக்கப் போனார். தனிக் கலைஞராக உலகம் அவரைக் கொண்டாடியதெல்லாம் அதற்கும் பிறகுதான். பட்டம் வாங்கியபோது கற்றது முடிந்துவிட்டது என்று அவர் நினைத்திருந்தால் இன்று நாம் அவர் பெயரைப் பேசமாட்டோம்.

எனக்கு இளைப்பு உண்டு. ஊத நுரையீரல் பலம் வேண்டாமா?

தொழிலின் பெயரைப் பார்த்து எல்லோரும் இப்படித்தான் பயப்படுகிறார்கள். பலம் கேட்பது முதல் குமிழி ஒன்றுதான். குமிழி சிறிதாக இருக்கும்போது அதை விரிக்க அழுத்தம் அதிகம் வேண்டும்; சற்றுப் பெரிதாகிவிட்டால் ஒரு மெல்லிய மூச்சே போதும். முதல் குமிழிக்கும் ஒரு வழி இருக்கிறது. குழலில் ஒருமுறை ஊதி, வாயை எடுத்த கையோடு துளையைக் கட்டைவிரலால் மூடிவிடுங்கள். உள்ளே அடைபட்ட காற்று சூடேறி விரிந்து, கண்ணாடிக்குள் தானே குமிழியைத் தள்ளும். நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறு: உலைச் சூடும், வண்ணக் கண்ணாடித் தூளும். தூள் இருக்கும் இடத்தில் உரிய முகமூடி இல்லாமல் நிற்காதீர்கள். மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நான் ஊதும் கிண்ணம் எப்போதும் ஒரு பக்கம் சாய்கிறது. நிறுத்தாமல்தான் உருட்டுகிறேன். என்ன பிழை?

நல்ல கேள்வி. இந்தத் தொழிலே இதற்குள்தான் இருக்கிறது.

உருட்டுவது அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. சுமார் 1,100 டிகிரி செல்சியஸ் உலையிலிருந்து எடுத்த கண்ணாடி தேன்போல் வழியப் பார்க்கும். உருட்டினால் எந்தப் பக்கமும் நெடுநேரம் கீழே இருக்காது, அவ்வளவுதான். மூச்சு எங்கே போகிறது என்பதைத் தீர்மானிப்பது சூடு. எந்தப் பக்கம் சூடாக இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் காற்றுக்கு இடம் கொடுக்கும். அங்கே சுவர் மெலியும். மெலிந்த இடம் சீக்கிரம் ஆறும். தடித்த இடம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். எனவே, ‘சாய்ந்துவிட்டதே’ என்று பதறிக் கருவியால் நிமிர்த்துகிறவர்கள் மேலும் கெடுக்கிறார்கள்.

அடுத்த முறை மறுசூட்டு உலையிலிருந்து எடுத்ததும் இரண்டு நொடி ஊதாமல் பாருங்கள். கண்ணாடியின் நிறம் ஒரே சீராக இருக்கிறதா? ஒரு பக்கம் ஆரஞ்சும் மறுபக்கம் மங்கலுமாக இருந்தால், நனைத்த செய்தித்தாள் மடிப்பை உள்ளங்கையில் வைத்து, ஆரஞ்சுப் பக்கத்தை மட்டும் அதில் தொட்டு ஆற்றுங்கள். பிறகு ஊதுங்கள். நாங்கள் கண்ணாடியைக் கையால் தொடுவதற்கு மிக அருகில் போவது அந்தக் காகித மடிப்பில்தான். தாள் கருகும், ஆவி எழும், வடிவம் கைக்குப் புரியும். இன்னொன்று: குழல் வளைந்திருக்கிறதா என்று பார்த்தீர்களா? பயிற்சிப் பட்டறைகளில் நேரான குழல் கிடைப்பது அரிது.

அழகாக வந்த குவளை, மறுநாள் அலமாரியில் இருந்தபடியே வெடித்துவிட்டது. கண்ணேறா?

கண்ணேறு இல்லை, அவசரம். வெளிப்புறம் முதலில் இறுகி உட்புறம் பின்னால் சுருங்கினால் உள்ளே இழுவிசை தங்கிவிடும். அதைப் போக்கத்தான் ஆற்றும் உலை. சாதாரண சோடாக் கண்ணாடியைப் பொதுவாக 480 முதல் 510 டிகிரி வரை நிறுத்திவைத்து, பிறகு மெல்ல இறக்குவார்கள். உங்கள் கண்ணாடியைத் தயாரித்தவர் தரும் எண் எதுவோ அதையே பின்பற்றுங்கள். தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்கு வேண்டும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அடிப்பாகம் தடித்த குவளைக்கு மெல்லிய குவளையின் கணக்கைப் போட்டிருப்பீர்கள்.

சந்தேகம் இருந்தால், ஒளியை வடிகட்டும் இரண்டு போலராய்டு தாள்களை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து, நடுவே பொருளைப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். இழுவிசை இருக்கும் இடம் இருளில் பளிச்சென்று தெரியும். ஆற்றியதெல்லாம் சரி என்றால் வண்ணத்தைச் சந்தேகியுங்கள். சூட்டில் விரியும் அளவு ஒத்துப்போகாத இரண்டு கண்ணாடிகளை எந்த உலையாலும் சமாதானப்படுத்த முடியாது.

ஆய்வகக் குடுவைகள் செய்பவரும் இதே தொழில்தானா?

பங்காளிகள். அவர்கள் பெரும்பாலும் போரோசிலிகேட் என்னும் சூடு தாங்கும் கண்ணாடிக் குழாய்களைச் சுடர் விளக்கில் வைத்து வேலை செய்கிறார்கள். அது சூட்டில் விரிவது சோடாக் கண்ணாடியின் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் இளக இன்னும் அதிகச் சூடு கேட்கும். எங்களுக்கு அரை மில்லிமீட்டர் பிசகினால் ‘கைவேலையின் அழகு’ என்று சமாளித்துக்கொள்ளலாம். அவர்களுக்கு அந்த வசதி கிடையாது. சுடரில் சோடியத்தின் மஞ்சள் ஒளி கண்ணை மறைப்பதால் அந்த ஒளியை வடிகட்டும் டிடிமியம் மூக்குக்கண்ணாடி அணிவார்கள். விளக்கு வேலைக்கு வருகிறவர்கள் முதலில் அதை வாங்குங்கள், பிறகு விளக்கை வாங்குங்கள்.

தானே ஊதாதவரைக் கண்ணாடிக் கலைஞர் என்று அழைப்பது நியாயமா?

அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞர் டேல் சிஹுலியை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள். 1976இல் ஒரு கார் விபத்தில் அவருக்கு இடக்கண் பார்வை போயிற்று. 1979இல் தோள்பட்டை விலகியதற்குப் பிறகு குழலைப் பிறரிடம் கொடுத்துவிட்டார். பெரிய வேலை எதுவும் ஒற்றை ஆளால் நடப்பதில்லை. ஒருவர் உருட்ட, ஒருவர் ஊத, ஒருவர் கதவு திறக்க, ஒருவர் அடுத்த கண்ணாடிக் குழம்பை எடுத்துவருவார். ஆகவே கலைஞர் என்று அழைப்பதில் எனக்கு வருத்தமில்லை. உடன் உழைத்தவர்களின் பெயர்கள் எங்கும் வராமல் போவதில்தான் வருத்தம்.

47 வயதில் தொடங்கலாமா?

தொடங்கலாம். முழங்கையையும் முதுகையும் பார்த்துக்கொள்ளுங்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

வாரம் ஒரு நாள்தான் உலை கிடைக்கிறது. எதைப் பயிற்சி செய்வது?

பூச்சாடியை மறந்துவிடுங்கள். ஒரே உயரம், ஒரே வாய் அகலம், ஒரே சுவர்த் தடிமன் உள்ள சாதாரணக் குவளை ஆறு செய்யுங்கள். ஆறையும் வரிசையாக வைத்துப் பாருங்கள், எடை போட்டும் பாருங்கள். எடை மாறினால் உலையிலிருந்து குழம்பு அள்ளுவதில் குறை. எடை ஒத்து வடிவம் மாறினால் சூட்டைக் கவனிப்பதில் குறை. எது என்று தெரிந்துகொண்டு அடுத்த வாரம் வந்து எழுதுங்கள்.