ஐசியுவில் மூன்று வருஷம் ஆச்சு, அடுத்து என்ன படிக்க?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு, திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனை ஐசியுவில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். வயது 26. போன மாதம் ஒரு நைட் டியூட்டியில், வென்டிலேட்டரில் இருந்த பெரியவருக்கு அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. ஆனால் டியூட்டி டாக்டருக்கு போன் போட்டு, "பேஷன்ட் ஒரு மாதிரி இருக்கார் சார்" என்பதற்கு மேல் எனக்குச் சொல்ல வரவில்லை. சீனியர் சிஸ்டர்தான் வந்து, ட்யூபில் சளி அடைத்திருப்பதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார். அன்றிலிருந்து மேலே படித்தே ஆக வேண்டும் என்று இருக்கிறது. தோழி எம்.எஸ்சி. போகச் சொல்கிறாள். இன்னொருத்தி என்.பி.சி.சி. என்கிறாள். இன்சார்ஜ் சிஸ்டர் ஒரு வருட டிப்ளமா போதும் என்கிறார். ஏ.சி.எல்.எஸ். முடித்து, ஓ.இ.டி. எழுதி லண்டன் போய்விடு என்று அண்ணன் சொல்கிறான். என் சம்பளமும் வீட்டுக்கு வேண்டும். அம்மா கல்யாணப் பேச்சை வேறு எடுத்துவிட்டார். நான் எதைத் தேர்ந்தெடுப்பது? (பெயர் வேண்டாம், திருநெல்வேலி)

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட் பக்கத்திலேயே நின்று வேலை பார்க்கத்தான் உங்களுக்கு விருப்பம் என்றால் என்.பி.சி.சி. என்ற இரண்டு வருட கிரிட்டிகல் கேர் படிப்பைப் படியுங்கள். வீட்டு நிலைமை இரண்டு வருடம் தாங்காது என்றால் ஒரு வருட டிப்ளமா. எம்.எஸ்சி. இப்போதைக்கு வேண்டாம். லண்டன் விஷயம் தனி, கடைசியில் வருகிறேன்.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் நீங்கள் எழுதியிருக்கும் அந்த இரவுதான். நோயாளிக்கு என்னவோ ஆகிறது என்று உங்களுக்குப் பட்டது, அது சரியாகவும் இருந்தது. மூன்று வருடம் ஐசியுவில் நின்ற கண்ணுக்கு அது தெரியத்தான் செய்யும். கண்டதை வரிசைப்படுத்தி டாக்டரிடம் சொல்லத்தான் வரவில்லை. அதை யாரும் உங்களுக்குப் பக்கத்தில் நின்று சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

அந்த அலாரத்தையே எடுத்துக்கொள்வோம். ஹை பிரஷர் அலாரம் என்றால், மெஷின் தள்ளும் காற்று உள்ளே போக ஏதோ தடுக்கிறது என்று அர்த்தம். பயிற்சி பெற்ற நர்ஸ் கை அலாரத்தை நிறுத்தும் பட்டனுக்குப் போவதற்கு முன் கண் நோயாளியிடம் போகும். சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் சதவீதம்) என்ன, மார்பு இரண்டு பக்கமும் ஒரே அளவாக ஏறி இறங்குகிறதா, ட்யூப் உதட்டருகே எத்தனை சென்டிமீட்டரில் நிற்கிறது, கடிக்கிறாரா, எங்காவது மடங்கியிருக்கிறதா. பிறகு ஸ்டெதாஸ்கோப். இதற்கு உலகம் முழுக்க ஐசியுக்களில் டோப் (DOPE) என்று நான்கு ஆங்கில எழுத்துச் சூத்திரம் ஒன்று சொல்லித் தருவார்கள்: ட்யூப் இடம் மாறியதா, அடைத்ததா, நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்துவிட்டதா, மெஷினில் கோளாறா. நோயாளி சரிந்துகொண்டே போகிறார், காரணமும் பிடிபடவில்லை என்றால் வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு, 100 சதவீத ஆக்சிஜனோடு அம்பு பேக்கில் கையால் காற்று கொடுத்துக்கொண்டே ஆளைக் கூப்பிட வேண்டும். பேக் சுலபமாக அமுங்கி, நோயாளியும் தேறினால் கோளாறு மெஷினிலோ சர்க்யூட்டிலோ. பேக்கும் அமுங்க மறுத்தால் ட்யூபிலோ நெஞ்சிலோ.

இன்னும் ஒரு படி மேலே போனால், பீக் பிரஷரையும் (காற்று உள்ளே போகும்போது வரும் உச்ச அழுத்தம்) பிளாட்டூ பிரஷரையும் (காற்றோட்டத்தை ஒரு கணம் நிறுத்தினால் நிற்கும் அழுத்தம்) ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பீக் மட்டும் ஏறி பிளாட்டூ ஏறாமல் இருந்தால் பாதையில் தடை: சளி, மடிப்பு, மூச்சுக்குழாய் இறுக்கம். இரண்டும் சேர்ந்து ஏறினால் நுரையீரலே விறைத்துவிட்டது, அல்லது வெளியிலிருந்து எதுவோ அதை அமுக்குகிறது. இது தெரிந்த நர்ஸ் டாக்டருக்கு எப்படி போன் செய்வார் தெரியுமா? "சார், நாலாம் பெட், நிமோனியா, வென்டிலேட்டரில் மூன்றாம் நாள். பத்து நிமிஷமாக ஹை பிரஷர் அலாரம். பீக் 42, பிளாட்டூ 22. சாச்சுரேஷன் 96-லிருந்து 88. இரண்டு பக்கமும் காற்று போகிறது, கரகரப்பு இருக்கிறது. சளி அடைப்பு என்று நினைக்கிறேன், சக்‌ஷன் போடுகிறேன், நீங்கள் வந்து பாருங்கள்." அரை நிமிடப் பேச்சு. இதைக் கேட்ட எந்த டாக்டரும் படுக்கையிலிருந்து எழுந்து வருவார். "ஒரு மாதிரி இருக்கார்" என்பதைக் கேட்டால் சிலர் புரண்டு படுப்பார்கள். (எல்லாரையும் சொல்லவில்லை. யாரைச் சொல்கிறேன் என்பது நைட் பார்க்கும் உங்களுக்குத் தெரியும்.)

ஆக, எந்தப் படிப்பைப் பற்றி விசாரித்தாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: பெட் பக்கத்தில் என்னோடு நின்று "ஏன்?" என்று கேட்கப்போவது யார்? வகுப்பறை எப்படி, புரொஜெக்டர் இருக்கிறதா என்பதெல்லாம் பிறகு.

ஐசியு என்ற ஏற்பாடு தொடங்கிய கதையும் இப்படித்தான். 1952-ல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது மூச்சு விட முடியாத நோயாளிகளுக்குப் போதுமான மெஷின்கள் இல்லை. பியோன் இப்சன் என்ற மயக்க மருத்துவர் தொண்டையில் துளையிட்டுக் குழாய் போட்டு, பையைக் கையால் அமுக்கிக் காற்று கொடுக்கச் செய்தார். ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, இரவும் பகலுமாக நோயாளிகள் பக்கத்தில் உட்கார்ந்து அமுக்கினார்கள். அடுத்த வருடமே அவர் தனி ஐசியு தொடங்கினார்.

இப்போது படிப்புகளுக்கு வருவோம்.

என்.பி.சி.சி. என்பது கிரிட்டிகல் கேர் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு. இந்தியன் நர்சிங் கவுன்சில் வகுத்த இரண்டு வருட முதுநிலை ரெசிடென்சி. பி.எஸ்சி. நர்சிங், பதிவு, குறைந்தது ஒரு வருட கிளினிக்கல் அனுபவம் வேண்டும். அனுபவம் ஐசியுவில் என்றால் நல்லது. உங்களிடம் மூன்று வருடம் இருக்கிறது. நேரத்தின் பெரும்பகுதி வார்டில்தான் போகும், தியரி சிறு பங்கு. உடல் பரிசோதனை, நோயியல், மருந்தியல், ஏபிஜி என்ற ரத்த வாயுப் பரிசோதனையைப் படிப்பது, வென்டிலேட்டர், அதிர்ச்சி நிலை எல்லாவற்றையும் டாக்டர்களோடு ரவுண்ட்ஸ் போய், கேஸ் பிரசன்ட் செய்து கற்பீர்கள். முடித்தால் சுதந்திரமாக மருந்து எழுதலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மருத்துவமனை வகுத்த நெறிமுறைக்கும் நிலையான ஆணைகளுக்கும் உட்பட்டுத்தான் வேலை.

இதில் ஒரு குறை உண்டு, மறைக்கப் போவதில்லை. படிப்பு வந்த வேகத்தில் பதவி வரவில்லை. என்.பி.சி.சி. முடித்தவருக்கென்று தனிப் பதவியும் தனிச் சம்பளமும் நம் மருத்துவமனைகள் பெரும்பாலானவற்றில் இன்னும் உருவாகவில்லை. முடித்தவர்கள் பழைய ஸ்டாஃப் நர்ஸ் பட்டியலிலேயே நிற்கிற கொடுமையும் நடக்கிறது. கற்றது கையில் இருக்கும், ஆனால் சம்பளச் சீட்டு அதை உடனே ஒப்புக்கொள்ளாது. பெரிய கார்ப்பரேட் மருத்துவமனைகளில் நிலைமை கொஞ்சம் மேல்.

போஸ்ட் பேசிக் டிப்ளமா ஒரு வருடம். ஜிஎன்எம் என்ற டிப்ளமா நர்சிங் முடித்தவர்களும் சேரலாம். இன்சார்ஜ் சிஸ்டர் சொன்னதில் தப்பில்லை. நல்ல மருத்துவமனையில் படித்தால், அந்த அலாரம் மாதிரியான இரவுகளுக்கு இதுவே போதும். செலவும் குறைவு.

எம்.எஸ்சி. மெடிக்கல் சர்ஜிக்கல் நர்சிங்கில் கிரிட்டிகல் கேர் சிறப்புப் பாடமாக வரும். நல்ல படிப்புதான். ஆனால் அது பெரும்பாலும் கொண்டுபோய் விடும் இடம் நர்சிங் கல்லூரி. பாடம் எடுக்க ஆசை இருந்தால் போங்கள். உங்கள் கடிதத்தில் அந்த ஆசை ஒரு வரியில்கூட இல்லை.

ஏ.சி.எல்.எஸ். பற்றி அண்ணனிடம் சொல்லுங்கள்: அது ஒரு படிப்பு ஆகாது. அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனின் இரண்டு நாள் பயிற்சி, சான்றிதழ் இரண்டு வருடம் செல்லும். இதயம் நின்றால் முதல் பத்து நிமிடம் என்ன செய்வது என்பதற்கு அது அவசியம், கட்டாயம் எடுங்கள். முடிந்தால் உங்கள் மருத்துவமனையையே பணம் கட்டச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் சனி, ஞாயிறு சான்றிதழ்களாகச் சேர்த்து பைலை மட்டும் தடிப்பாக்கிக்கொள்கிறவர்களைப் பார்க்கிறேன், எரிச்சலாக வருகிறது. ஐசியு நர்ஸ்களுக்கான அமெரிக்காவின் சி.சி.ஆர்.என். தேர்வையும் யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். அந்த நாட்டு ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) உரிமம் இல்லாமல் அதை எழுதவே முடியாது.

பணம். என்.பி.சி.சி. பாடத்திட்டத்திலேயே, வேலையில் இருந்துகொண்டு சேருகிறவருக்கு வழக்கமான சம்பளம், மற்றவர்களுக்கு அந்த மருத்துவமனையின் சம்பள முறைப்படி ஊதியம் என்று கவுன்சில் சொல்லியிருக்கிறது. நடைமுறை கல்லூரிக்குக் கல்லூரி மாறும். "ஸ்டைபெண்ட் உண்டு" என்ற வாய்வார்த்தை போதாது; மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில், ஹாஸ்டல் கழித்தா கழிக்காமலா என்று எழுத்தில் வாங்குங்கள். அந்த வருடம் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் கல்லூரி இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். அங்கே இரண்டாம் வருடம் படிக்கிற ஒருவரைப் பிடித்து போனில் பேசுங்கள். ஒரு ஷிஃப்டில் எத்தனை பேஷன்ட், ரவுண்ட்ஸில் உங்களைப் பேச விடுகிறார்களா, இல்லை ஆள் பற்றாக்குறைக்கு உங்களைப் போட்டு நிரப்புகிறார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர் சிரித்தால் வேறு கல்லூரி பாருங்கள்.

ஆள் எண்ணிக்கை என்றதும் நினைவுக்கு வருகிறது. உங்கள் ஐசியுவில் ஒருவருக்கு எத்தனை பெட் என்று நீங்கள் எழுதவில்லை. வென்டிலேட்டர் நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பதுதான் நெறி. 2002-ல் லிண்டா எய்க்கன் குழு அமெரிக்காவின் பென்சில்வேனியா மருத்துவமனைகளில் செய்த ஆய்வில், அறுவை சிகிச்சை வார்டுகளில் நர்ஸ் ஒருவருக்கு ஒரு நோயாளி கூடும்போது, 30 நாட்களுக்குள் இறப்பதற்கான வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. அந்த இரவில் மூன்று வென்டிலேட்டர்களை நீங்கள் ஒருத்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்றால், மேல்படிப்பு மட்டும் அதைச் சரிசெய்துவிடாது.

சேருவதற்குச் சில மாதங்கள் ஆகும் அல்லவா? அதுவரை சும்மா இருக்க வேண்டாம். ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரு நோயாளியின் டைடல் வால்யூமை, அதாவது ஒரு மூச்சுக்கு மெஷின் கொடுக்க வேண்டிய காற்றின் அளவை, கணக்குப் போடுங்கள். அதை எடையை வைத்துப் போடக் கூடாது, உயரத்தை வைத்துப் போட வேண்டும். 160 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்குக் கணக்கு எடை ஏறத்தாழ 52 கிலோ. ஏ.ஆர்.டி.எஸ். (நுரையீரல் கடுமையாகப் பழுதாகும் நிலை) நோயாளிக்கு கிலோவுக்கு 6 மி.லி. என்றால் 315 மி.லி. அளவில் வரும். அவர் 80 கிலோ இருந்தாலும் அதே 315தான், உடம்பு பருத்தால் நுரையீரல் பருப்பதில்லை. இந்தக் குறைந்த அளவு உயிரைக் காக்கிறது என்று 2000-ல் வெளிவந்த பெரிய ஆய்வு காட்டியது. மெஷினில் 500 ஓடிக்கொண்டிருந்தால் காலை ரவுண்ட்ஸில் பணிவாகக் கேளுங்கள், "சார், இவருக்கு 500 எதற்காக வைத்திருக்கிறோம்?" காரணம் இருக்கலாம், சொல்வார். இல்லாவிட்டால் மாற்றுவார். கஃப் பிரஷர் (ட்யூபைச் சுற்றியுள்ள பலூனின் அழுத்தம்) 20-க்கும் 30-க்கும் இடையில் இருக்கிறதா, தலைமாட்டை 30 டிகிரிக்குக் குறையாமல் உயர்த்தியிருக்கிறதா என்பதையும் ஹேண்டோவரிலேயே பார்த்துவிடுங்கள். அந்த சீனியர் சிஸ்டரை விட்டுவிடாதீர்கள். அன்று எதைப் பார்த்து முடிவுக்கு வந்தார் என்று டீ நேரத்தில் கேளுங்கள். ஆசையாகச் சொல்வார்.

லண்டன். அங்கே போவதென்றால் ஓ.இ.டி. அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வு, பிறகு கணினித் தேர்வு, அங்கே போனபின் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு. இங்கே எந்த டிப்ளமா முடித்திருந்தாலும் அங்கே ஐசியுவில் சேர்ந்ததும் பெரியவர்களுக்கான கிரிட்டிகல் கேர் திறன் படிகளில் முதல் படியிலிருந்துதான் தொடங்குவார்கள். ஐசியுவுக்குப் புதியவர் என்றால் தொடக்க வாரங்களில் உங்களை ஷிஃப்ட் ஆள் கணக்கில் சேர்க்காமல், இன்னொரு நர்ஸோடு கூடவே நிற்கப் போடுவார்கள். இரண்டாம், மூன்றாம் படிகள் பல்கலைக்கழகப் பாடத்தோடு வரும். ஐசியு நர்ஸ்களில் பாதிப் பேராவது அந்தத் தகுதி பெற்றிருக்க வேண்டும் என்பது அவர்களுடைய தரநெறி. நம் ஊரில் இந்த ஏற்பாட்டைப் பார்த்துப் பொறாமைப்படலாம். ஆகவே லண்டன்தான் லட்சியம் என்றால் இங்கே இரண்டு வருடப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. இருக்கிற ஐசியு அனுபவத்தோடு மொழித் தேர்வைப் பாருங்கள். ஆனால் 2024-லிருந்து அங்கே வெளிநாட்டு நர்ஸ்களை எடுப்பது வெகுவாகக் குறைந்திருக்கிறது. இப்போதைக்கு அதை நம்பி வேலையை விட வேண்டாம்.

அம்மாவிடம், படிப்பு முடியும் மாதத்தைத் தேதியோடு சொல்லுங்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்றால்தான் அம்மாக்கள் பயப்படுவார்கள். வருகிற மாப்பிள்ளை வீட்டாரிடம் நைட் டியூட்டி உண்டு என்பதை முதல் பேச்சிலேயே சொல்லச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். இப்போதைய மருத்துவமனையிலிருந்து விலகும்போது அனுபவச் சான்றிதழில் வெறுமனே "ஸ்டாஃப் நர்ஸ்" என்று போடாமல், ஐசியு என்றும், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்றும் எழுதி வாங்குங்கள். உங்கள் ஒரிஜினல் சான்றிதழ்கள் அங்கே மாட்டிக்கொண்டிருந்தால், அட்மிஷன் அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள்.