மன்னவனூர் குளிருக்கு ஜீன்ஸ், ஸ்வெட்டர் போதுமா?

நண்பரே, ஜனவரியில கொடைக்கானல் மலையில இருக்கிற மன்னவனூர்ல ரெண்டு ராத்திரி கூடாரத்துல தங்கணும், பை கனக்கக் கூடாது, ஜீன்ஸும் ரெண்டு ஸ்வெட்டரும் போதுமான்னு கேட்டிருக்கீங்க. முதல்ல அந்த ஜீன்ஸை வெளியே எடுத்து வைங்க. பருத்தி ஈரத்தை உறிஞ்சினா லேசுல காயாது. ஏறும்போது தெரியாது, உட்கார்ந்த கொஞ்ச நேரத்துல பல் தந்தியடிக்கும். உடம்போட ஒட்டி ஒரு பாலியெஸ்டர் பனியன், மேல ஃப்ளீஸ்னு சொல்ற மெத்துனு இருக்கிற சிந்தெடிக் சட்டை, காத்துக்கு மழைக்கோட்டு. ஒரு ஸ்வெட்டர் வீட்லயே இருக்கட்டும்.

ஸ்லீப்பிங் பேகுக்குக் காசைக் கொட்டுறவங்க பாயை மறந்துடறாங்க. முதுகு பாரத்துல பேகோட அடிப்பக்கம் நசுங்கிடும். உள்ள காத்து நிக்கலைன்னா சூடும் நிக்காது. அப்புறம் தரைதான் உங்க சூட்டைக் குடிக்கும். மடிக்கிற ஃபோம் பாய் ஒன்னு வாங்குங்க, அரை கிலோகூட வராது.

ஸ்லீப்பிங் பேக்ல 'லிமிட்'னு போட்டிருக்கிற டிகிரியை நம்பாதீங்க, அது ஒடுங்கிப் படுத்து சமாளிக்கிற அளவு. நிம்மதியா தூங்குற அளவான 'கம்ஃபர்ட்' எவ்வளவுன்னு பாருங்க. கொடைக்கானல் பக்கம் உறைபனி விழற ராத்திரி பூஜ்யத்தை ஒட்டிப் போகும், அதனால 0 டிகிரி கம்ஃபர்ட் எடுங்க. உள்ள வாத்து இறகு அடைச்ச பேக் லேசுதான், ஆனா நனைஞ்சா இறகு கட்டி தட்டிடும். விடியக்காலைல கூடாரத்து உள்பக்கமே சொட்டுற ஊருக்கு சிந்தெடிக் பஞ்சு அடைச்ச பேகுக்குத்தான் என் ஓட்டு.

கூடாரத்தைப் பள்ளமான புல்வெளியில போடாதீங்க. குளிர்காத்து கனம், ராத்திரி அங்கதான் வந்து தேங்கும். காட்டுப்பகுதின்னா வனத்துறை அனுமதி வாங்கிட்டுப் போங்க.