ஹெச்.ஐ.வி.யோடு சேர்ந்து இருக்கும் மற்ற வைரஸ்கள்: கேள்வி பதில்

ஹெச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். போன வாரம் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்குப் பதில் இதோ.

ஹெச்.ஐ.வி. உள்ளவருக்கு வேறு வைரஸும் இருப்பது அபூர்வமா?

இல்லை, சகஜம்தான். ஆனால் எந்த வைரஸ் என்று பார்க்க வேண்டும். சைட்டோமெகலோ வைரஸ் பெரியவர்களில் பெரும்பாலோர் உடம்பில் சத்தமில்லாமல் தங்கியிருக்கிறது. சிடி4 எண்ணிக்கை (நோய் எதிர்ப்பு அணுக்களின் அளவு) 50க்குக் கீழே இறங்கும்போதுதான் கண்ணைப் பதம் பார்க்கும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, உலக அளவில் ஹெச்.ஐ.வி. உள்ள நூறு பேரில் ஏழெட்டுப் பேருக்கு இருக்கிறது. அதேபோல் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி கிருமி பட்டவர்கள் நூற்றுக்கு ஆறு பேர். ஊசி வழியாகப் போதை மருந்து எடுத்தவர்களை மட்டும் எண்ணினால் இதுவே எண்பதைத் தாண்டிவிடுகிறது. பி, சி இரண்டும் பரவுவது ரத்தம், உடலுறவு, தாயிடமிருந்து பிள்ளைக்கு என்று எல்லாம் ஹெச்.ஐ.வி. வரும் அதே வழிகள்தான்.

எனக்கு ஹெபடைடிஸ் பி-யும் இருக்கிறதாம். தனியாக மருந்து சாப்பிட வேண்டுமா?

பெரும்பாலும் தேவைப்படாது. ஹெச்.ஐ.வி.க்கு மையத்தில் தரும் டி.எல்.டி. என்ற கூட்டு மாத்திரையில் டெனோஃபோவிர், லாமிவுடின் இரண்டும் உண்டு. இரண்டுமே பி வைரஸையும் அடக்கும். அதனாலேயே உங்களைப் போன்றவர்கள் இந்த மாத்திரையை விடவே கூடாது.

எங்களிடம் வந்த ஒருவருக்கு வைரல் லோட் (ரத்தத்தில் ஹெச்.ஐ.வி. அளவு) நன்றாக இறங்கியது. "நல்லாத்தானே இருக்கேன்" என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். இரண்டு மாதம் கழித்து மனைவி கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். கண் முழுக்க மஞ்சள், பையில் கீழாநெல்லிச் சாறு பாட்டில். மாத்திரை நின்றதும் பி வைரஸ் மறுபடி கிளம்பிக் கல்லீரலைத் தாக்கியிருந்தது. பிழைத்தார், ஆனால் மூன்று வாரம் படுக்கையில். வேறு மையத்துக்கு மாறினாலும், மருந்தை மாற்றப் பேச்சு வந்தாலும் "எனக்கு பி இருக்கிறது" என்று முதலில் சொல்லுங்கள்.

சி வைரஸும் கடைசி வரை இருக்குமா?

இருக்காது, குணமாகும். சோஃபோஸ்புவிர், டாக்ளடாஸ்விர் மாத்திரைகள், பலருக்கு 12 வாரம் போதும். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருள்) பாசிட்டிவ் என்றதுமே பதற வேண்டாம். அது எப்போதோ வந்து போனதாகவும் இருக்கலாம். வைரஸ் இப்போது ரத்தத்தில் இருக்கிறதா என்று ஆர்.என்.ஏ. பரிசோதனைதான் சொல்லும். ஒன்று, குணமானவருக்கும் மறுபடி வரலாம். இதற்குத் தடுப்பூசி கிடையாது.

பெண்களுக்குத் தனியாக ஏதும் உண்டா?

உண்டு, கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்.பி.வி. வைரஸ். ஹெச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு. 25 வயதிலிருந்தே பரிசோதனை செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். மாத்திரை வாங்க மாதாமாதம் வரும் அக்காமார் பலர் இதற்கு மட்டும் "அடுத்த தடவை" என்கிறார்கள். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

மனைவி ஏழு மாதக் கர்ப்பம். அவளுக்கு ஹெச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி இரண்டும் இருக்கிறது. குழந்தைக்கு என்ன செய்வது?

மாத்திரையை அவர் ஒருநாளும் விட வேண்டாம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட வேண்டும். கூடவே இம்யூனோகுளோபுலின் (தயார் நிலையில் உள்ள எதிர்ப்புப் பொருள்) ஊசியும் தேவையா என்று மருத்துவரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். பிரசவத்துக்குப் போகும்போது அவருடைய ரிப்போர்ட்டைப் பையின் மேலாகவே வையுங்கள்.

எனக்கு ஹெச்.ஐ.வி. இருக்கிறது, ஹெபடைடிஸ் பி நெகட்டிவ். இனி கவலையில்லையே?

சரி, நல்லது. தடுப்பூசி போட்டீர்களா? ஹெச்.ஐ.வி. உள்ள உடம்பில் அது சில சமயம் சரியாக வேலை செய்யாது. முழு டோஸும் போட்டு ஒன்றிரண்டு மாதம் கழித்து, எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள்.