மொந்தேனின் கட்டுரைகளைக் காதால் கேட்பது எப்படி?

கேள்வி: கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு நாள்தோறும் பேருந்தில் வேலைக்குச் சென்று வருகிறேன். பிரெஞ்சு எழுத்தாளர் மொந்தேனின் கட்டுரைத் தொகுப்பை இலவச ஆங்கில ஒலிநூலாகக் கைப்பேசியில் இறக்கி, முதலிலிருந்து வரிசையாகக் கேட்கிறேன். எதுவும் மனத்தில் நிற்கவில்லை. தொடரலாமா?

பதில்: தொடரலாம், வரிசையை மட்டும் விட்டுவிடுங்கள். மூன்று பாகங்களில் 107 கட்டுரைகள் கொண்ட இத்தொகுப்பின் தொடக்கத்தில் முற்றுகை, சரணடைதல், தூதர்கள் என்று பழைய போர்ச் செய்திகளைத் தொட்டுச் செல்லும் சிறு கட்டுரைகளே மிகுதி.

பேச்சு அடிக்கடி திசைமாறுவதற்குக் காரணம் உண்டு. 1580இல் முதலிரண்டு பாகங்களை வெளியிட்ட மொந்தேன், 1588இல் மூன்றாவதைச் சேர்த்தபோது பழைய கட்டுரைகளுக்குள்ளும் புதிய வரிகளைச் செருகினார். அதன்பின் 1592இல் இறக்கும்வரை அச்சுப் பிரதியின் ஓரங்களிலும் எழுதிவந்தார். வெவ்வேறு வயதில் தோன்றிய எண்ணங்கள் ஒரே பத்தியில் அடுத்தடுத்து நிற்கின்றன. எந்த வரி எக்காலத்தது என்பதை இன்றைய அச்சுப் பதிப்புகள் பலவும் எழுத்துக் குறியிட்டுக் காட்டுகின்றன. காதுக்கு அந்த உதவி இல்லை. ஆகவே, இடையில் லத்தீன் மேற்கோளோ தொடர்பற்ற கதையோ வந்தால், உடனே பின்னோக்கி ஓட்டாமல் சிறிது பொறுத்துக் கேளுங்கள்.

இரண்டாம் பாகத்தின் ஆறாம் கட்டுரையில் தொடங்குங்கள். வீட்டுக்கு அருகே சிறு குதிரையில் சென்ற மொந்தேன்மீது அவருடைய ஆள் ஒருவனின் பெரிய குதிரை பாய்ந்து மோத, தூக்கியெறியப்பட்டு நினைவிழந்த அவரைச் செத்துவிட்டார் என்றே கருதித் தூக்கி வருகிறார்கள்; இரத்தம் இரத்தமாக வாந்தியெடுக்கும் அந்த நிலையிலும், எதிரே மேட்டுப் பாதையில் தடுமாறி வரும் மனைவிக்கு ஒரு குதிரை கொடுக்கச் சொன்னாராம். கதையோட்டம் இருப்பதால் பேருந்து இரைச்சலிலும் இழை அறுபடாது. சூளகிரி வரும்போது பெரும்பகுதி முடிந்திருக்கும். அடுத்து, நட்பைப் பற்றிய கட்டுரையைக் கேளுங்கள். இதை எண்ணை வைத்துத் தேடாமல் தலைப்பை வைத்துத் தேடுவது நல்லது. இன்றைய பதிப்புகளில் முதல் பாகத்தின் 28ஆவதாக இருப்பது, பழைய மொழிபெயர்ப்பில் 27ஆவதாக வரும்.

இலவச ஒலிநூல் என்பதால், உங்களிடம் இருப்பது பெரும்பாலும் சார்லஸ் காட்டனின் 17ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பாகவே இருக்கும். அந்த நீண்ட ஆங்கில வாக்கியங்களுக்கு இயல்பான வேகமே அதிகம், கூட்டவே வேண்டாம்.

இரண்டாம் பாகத்தின் 12ஆம் கட்டுரை மட்டும் தனி நூல் அளவுக்கு நீளும் தத்துவ வாதம் என்பதால், அதைப் பேருந்தில் கேட்காமல் விடுமுறை நாளில் அச்சுநூலில் படித்துக்கொள்ளுங்கள்.