கெய்ரோவில் கோவிலுக்குப் போகலாமா?

அன்புச் சகோதரி, கணவருக்குக் கெய்ரோவில் வேலை கிடைத்திருக்கிறது, முஸ்லிம் நகரத்தில் கத்தோலிக்கக் குடும்பம் வெளிப்படையாகக் கோவிலுக்குப் போக முடியுமா, அந்தப் பழைய கிறிஸ்தவப் பகுதி வெறும் சுற்றுலா இடம்தானா என்று கேட்டிருந்தீர்கள்.

தாராளமாகப் போகலாம். காப்டிக் கிறிஸ்தவர்கள் எகிப்தின் மண்ணின் மக்கள். இஸ்லாம் வருவதற்கு முன்பே அங்கே கோவில் கட்டி வழிபட்டவர்கள்.

மெட்ரோ முதல் தடத்தில் மார் கிர்கிஸ் நிலையத்தில் இறங்குங்கள். நம் புனித ஜார்ஜியார் பெயர்தான். எதிரிலேயே ரோமானியரின் பாபிலோன் கோட்டை. அதன் வாசல் மேலேயே எழுப்பியது தொங்கும் தேவாலயம். அங்கே அல் முஅல்லக்கா என்பார்கள். பலிபீடத்துக்கு முன்னே கருங்காலியில் தந்தம் இழைத்த அதன் மறைப்புச் சுவரை அவசரப்படாமல் பாருங்கள். உள்ளே சந்துக்குள் இறங்கினால் அபு சர்கா கோவில். ஏரோதுக்குத் தப்பி வந்த திருக்குடும்பம் அதன் நிலவறையில் தங்கியதாக மரபு. சிறு வயதிலிருந்து நற்செய்தியில் கேட்ட எகிப்து இதுதானே என்று எனக்கு அங்கே நெஞ்சு நிறைந்துவிடும். கொஞ்சம் நடந்தால் 7ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அம்ர் மசூதி.

ஆனால் சுற்றிப் பார்க்க மட்டும் போகாதீர்கள். வெள்ளிக்கிழமை காலை வழிபாட்டுக்குப் போங்கள். ஞாயிறு அங்கே வேலைநாள் என்பதால் வெள்ளியன்றும் கூட்டம் சேரும். காப்டிக் மொழியும் அரபியும் கலந்து நீளமாகப் பாடுவார்கள். அவர்கள் சபை வேறு என்பதால் நற்கருணை கத்தோலிக்கருக்குக் கிடையாது, வருத்தப்பட வேண்டாம். முடிந்ததும் சிலுவை முத்திரை குத்திய குர்பான் அப்பம் எல்லோருக்கும் கொடுப்பார்கள், அது நற்கருணை அல்ல, வாங்கிக்கொள்ளுங்கள். நம் திருப்பலிக்குக் கெய்ரோவிலேயே மஆதி, ஸமாலேக் பக்கம் ஆங்கிலத்திலேயே பூசை உண்டு.

பயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2016 டிசம்பரில் கெய்ரோவிலும், 2017 குருத்து ஞாயிறன்று தந்தாவிலும் அலெக்சாந்திரியாவிலும் கோவில்களில் குண்டு வெடித்தது. அதனால் வாசலில் போலீஸ் நிற்கும், பையைத் திறந்து பார்ப்பார்கள். பாஸ்போர்ட் நகல் கையில் இருக்கட்டும்.

அப்புறம், அங்கே கிறிஸ்துமஸ் ஜனவரி 7. அரசு விடுமுறையும் அன்றைக்குத்தான். டிசம்பர் 25க்கு உங்கள் கணவர் முன்கூட்டியே விடுப்பு கேட்டு வைக்கட்டும்.