ஆர்.வி.யில் தங்கி வீடு கட்டுகிறீர்களா? மண் உறைவதற்குள் முடிய வேண்டியவை

கேள்வி: வீடு கட்ட நிலம் வாங்கிவிட்டோம். இப்போதுதான் கோடை தொடங்கியிருக்கிறது. வாடகையை மிச்சம் பிடிக்க 26 அடி டிராவல் டிரெய்லர் (வண்டியால் இழுத்துச் செல்லும், உள்ளே தங்கி வாழும் வசதியுள்ள ஆர்.வி.) ஒன்றை வாங்கி, அந்த இடத்திலேயே நிறுத்தி, நான், மனைவி, 6 வயது மகன் மூவரும் தங்கப் போகிறோம். பெரும்பாலான வேலையை மாலையிலும் வார இறுதியிலும் நானே செய்வதாகத் திட்டம். குளிர்காலத்தில் இரவில் மைனஸ் 15 டிகிரி வரை போகும். வண்டியை விற்பவர் ‘நான்கு பருவத்துக்கும் தாங்கும்’ என்கிறார். எந்த ஹீட்டர் வாங்கினால் சமாளிக்கலாம்?

பதில்: ஹீட்டருக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒன்று. மூன்று பேரின் குளிர்காலம் எப்படிப் போகும் என்பது, மண் உறைவதற்குள் நிலத்தில் எந்த வேலையெல்லாம் முடிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. தண்ணீர், கழிவு, மின்சாரம் மூன்றும் நிரந்தரமாக வந்துவிட்டால் சுமாரான வண்டியில்கூடத் தாக்குப்பிடிக்கலாம். அவை வராமல் எவ்வளவு நல்ல வண்டி வாங்கினாலும் பாதி நாள் உறைந்த குழாயோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடும், வீட்டு வேலை அப்படியே நிற்கும்.

அதனால் முதல் மண்வெட்டி வீட்டுக்காக விழ வேண்டாம். போர்வெல் அல்லது தண்ணீர் இணைப்பு, செப்டிக் டேங்க், மின் கம்பமும் மீட்டரும் முதலில் வரட்டும். எப்படியும் வீட்டுக்கு இவை வேண்டும், சில மாதம் முன்னதாகச் செய்கிறீர்கள், அவ்வளவுதான். குழாய் போகும் பள்ளம் உங்கள் பகுதியில் நிலம் உறையும் ஆழத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அந்த ஆழம் எவ்வளவு என்பதைக் கட்டட அனுமதி தரும் அலுவலகத்தில் சொல்வார்கள். அங்கே போகும்போதே இன்னொன்றையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்: சொந்த நிலமானாலும் ஆர்.வி.யில் குடியிருக்க எல்லா ஊரும் சம்மதிப்பதில்லை. பல இடங்களில் கட்டட அனுமதி உயிரோடு இருக்கும் காலம் வரைக்கும்தான் தற்காலிகமாக விடுவார்கள். காப்பீட்டு நிறுவனத்திடமும் ‘வருடம் முழுக்கக் குடியிருக்கப் போகிறோம்’ என்று சொல்லியே பாலிசி எடுங்கள். சுற்றுலாவுக்கு எடுத்த பாலிசி இதற்கு உதவாமல் போகலாம்.

வண்டி விஷயத்துக்கு வருவோம். ‘நான்கு பருவம்’ என்ற முத்திரைக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பாருங்கள். அடிப்பக்கம் முழுக்க மூடியிருக்கிறதா? தண்ணீர்த் தொட்டி, கழிவுத் தொட்டிகள் அந்த மூடலுக்குள் இருக்கின்றனவா, தகரப் பட்டையில் வெளியே தொங்குகின்றனவா? ஃபர்னஸின் (கேஸில் எரிந்து வண்டியைச் சூடாக்கும் உலை) சூடான காற்று போகும் குழாயிலிருந்து ஒரு கிளையாவது அந்த மூடலுக்குள் போகிறதா? கழிவைத் திறந்துவிடும் வால்வு உள்ளே இருக்கிறதா, வெளிக்காற்றில் நீட்டிக்கொண்டிருக்கிறதா? இந்த நான்கு கேள்விக்கும் கிடைக்கும் பதில்தான் முத்திரை.

உங்கள் ஹீட்டர் கேள்விக்கும் பாதி பதில் இதிலேயே இருக்கிறது. கேஸை மிச்சப்படுத்த நினைத்து நிறைய பேர் உள்ளே இரண்டு மின்சார ஹீட்டரை வைத்துவிட்டு ஃபர்னஸை நிறுத்திவிடுகிறார்கள். அறை கதகதப்பாக இருக்கும், தெர்மோஸ்டாட்டும் திருப்தியாக இருக்கும். ஆனால் வண்டியின் அடிப்பக்க மூடலுக்குப் போக வேண்டிய சூடான காற்று நின்றுபோய், காலையில் குழாயைத் திறந்தால் சொட்டுத் தண்ணீர் வராது. கடுங்குளிர் இரவுகளில் ஃபர்னஸ் ஓடியே ஆக வேண்டும். மின்சார ஹீட்டர் துணைக்கு மட்டும். வட அமெரிக்க வண்டிகளில் 30 ஆம்ப், 120 வோல்ட் இணைப்பு என்றால் மொத்தமே 3,600 வாட்தான். 1,500 வாட் ஹீட்டர் இரண்டைப் போட்டால் மீதி 600 வாட். மைக்ரோவேவைத் தட்டிய உடனே இருட்டாகிவிடும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் ஹீட்டர் போடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம், அது தீயை விலைக்கு வாங்குவது.

கேஸ் கணக்கு இப்படி. சுமார் 9 கிலோ புரோபேன் சிலிண்டரில் 126 கிலோவாட் மணி அளவு வெப்பம் இருக்கிறது. மணிக்கு 30,000 பி.டி.யு. (வெப்ப அளவு) எடுக்கும் ஃபர்னஸ் இடைவிடாமல் எரிந்தால் அது 14 மணி நேரம்தான் வரும். பாதி நேரம் எரிந்தால் ஒரு நாளும் கொஞ்சமும். பனி கொட்டும் இரவில் சிலிண்டர் மாற்ற யாரும் ஆசைப்படுவதில்லை. ஆகவே கேஸ் நிறுவனத்திடமிருந்து பெரிய தொட்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து, பின்னால் வீட்டுக்கும் பயன்படும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். வாங்கும் கேஸ் புரோபேன்தானா என்றும் பாருங்கள். புரோபேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். பியூட்டேன் 0 டிகிரிக்கு அருகிலேயே படுத்துவிடும், அது அதிகம் கலந்த சிலிண்டர் குளிரில் பாதி நிரம்பியிருந்தும் அடுப்பு எரியாது.

ஃபர்னஸின் விசிறி 12 வோல்ட் பேட்டரியில் ஓடுவது. மின்சாரம் போன இரவில் 100 ஆம்ப்-மணி ஈய பேட்டரி ஒன்று விடியும் வரை தாங்குவதே சிரமம். லித்தியம் பேட்டரி வைத்திருந்தால் அதை வண்டிக்குள் வையுங்கள். 0 டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் செல்கள் கெட்டுப்போகும்.

தண்ணீருக்கு என் யோசனை கொஞ்சம் பழைய பாணி. சூடேற்றும் கம்பி சுற்றிய ஹோஸ் கிடைக்கிறது, வேலையும் செய்கிறது, மின்சாரம் இருக்கும் வரை. அதையே நம்புவதைவிட, உறையாத வகைக் குழாய் ஒன்றை வண்டிக்குப் பக்கத்தில் நடுங்கள். அதன் வால்வு மண்ணுக்கு அடியில் இருக்கும், மூடியதும் மேலே நிற்கும் தண்ணீர் கீழே வடிந்துவிடும். ஆனால் ஹோஸை மாட்டித் திறந்தே விட்டால் குழாய் நிரம்பித்தான் நிற்கும், உறையத்தான் செய்யும். ஆகவே வண்டியின் உள் தொட்டியை நிரப்பிக்கொண்டு குழாயை மூடுங்கள். ஹோஸைக் கழற்றி, ஒரு முனையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து, மறுமுனை வரை கை மாற்றி மாற்றி நடந்தால் உள்ளே தங்கிய தண்ணீர் முழுக்க வடிந்துவிடும். அப்புறம் சுருட்டி உள்ளே வைத்துவிடலாம். மறுபடி தொட்டி காலியாகும்வரை கவலை இல்லை.

கழிவுக் குழாயின் வால்வைத் திறந்தே வைக்காதீர்கள். கை கழுவிய தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டி, குழாய்க்குள் படலம் படலமாக உறைந்து கடைசியில் அடைத்துக்கொள்ளும். கழிப்பறைத் தொட்டியில் திரவம் மட்டும் ஓடிப்போய் மற்றது குவிந்து நிற்கும், அதைக் கரைப்பது தனிக் கொடுமை. மூடி வைத்து, முக்கால் நிரம்பியதும் ஒரே வீச்சில் திறந்துவிடுங்கள். செப்டிக் வரை நெளியும் பைப்புக்குப் பதில் நல்ல சரிவில் பி.வி.சி. குழாய் போடுங்கள்.

வண்டியின் அடியைச் சுற்றித் தரை வரை ஃபோம் பலகையால் மறைப்புக் கட்டுவது செலவுக்கேற்ற பலன் தரும் வேலை. காற்று அடியில் புகாமல் நின்றாலே பாதி வெற்றி. வைக்கோல் கட்டு அடுக்குபவர்களும் உண்டு. எலிக்கு அரண்மனை, தீக்கு விருந்து, எனக்கு உடன்பாடில்லை. ஃபர்னஸின் புகைவழியையும், அவசரத்தில் வெளியேறும் ஜன்னலையும் எந்தப் பலகையும் பனியும் மூடக் கூடாது. மகன் படுக்கும் பக்கத்து ஜன்னலைக் கதகதப்புக்காக ஃபோம் வைத்து அடைக்கத் தோன்றும். அது வெளியேறும் ஜன்னலாக இருந்தால் தொடாதீர்கள்.

குளிரைவிட அதிகம் தொல்லை கொடுப்பது ஈரம். மூன்று பேர் மூச்சு, சமையல், குளியல், காயப்போட்ட துணி எல்லாம் அந்தச் சின்னப் பெட்டிக்குள்தான். 20 டிகிரியில் பாதி ஈரப்பதம் உள்ள காற்று 9 டிகிரி மேற்பரப்பைத் தொட்டாலே நீர்த்துளியாகிவிடும். வண்டியின் சுவரும் ஜன்னல் சட்டமும் அதைவிடக் குளிர்ந்திருக்கும். கண்ணாடி வியர்ப்பது கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். தெரியாத இடம் மெத்தையின் அடி. ஒரு வாரம் கழித்து மெத்தையைத் தூக்கிப் பாருங்கள், பிளைவுட் ஈரமாகி, ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள் தொடங்கியிருக்கும். மெத்தைக்கு அடியில் காற்று போகும்படி பட்டைச் சட்டமோ தடித்த வலையோ வையுங்கள். சுவரோடு ஒட்டாமல் விரல் அகலம் இடம் விடுங்கள். அலமாரிக் கதவுகளைப் பகலில் திறந்து வையுங்கள். ஈரம் உறிஞ்சும் மின்சாதனம் ஒன்று வாங்குங்கள், குளிக்கும்போதும் சமைக்கும்போதும் கூரை விசிறியை ஓட்டுங்கள். வெளியேறும் வெப்பத்தை நினைத்து வருந்த வேண்டாம், பூஞ்சை அதைவிட அதிகம் கேட்கும்.

இந்த இடத்தில்தான் புகைக்குழாய் இல்லாத கேஸ் ஹீட்டரை நான் வேண்டாம் என்கிறேன். 1 கிலோ புரோபேன் எரிந்தால் 1.6 கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் உண்டாகிறது, அத்தனையும் ஆவியாக உங்கள் அறைக்குள். கார்பன் மோனாக்சைடு ஆபத்து தனி. அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தூங்கும் இடத்துக்கு அருகே பேட்டரியில் ஓடும் அலாரம் கட்டாயம். புரோபேன் காற்றைவிடக் கனமானது என்பதால் கேஸ் கசிவு அலாரம் தரைக்கு அருகே இருக்க வேண்டும். சமையல் அடுப்பை அறை சூடேற்றப் பயன்படுத்தவே கூடாது.

சரி, வீடு. மாலை நேரத்திலும் வார இறுதியிலும் ஒருவர் கட்டும் வீடு ஒரே கோடையில் முடியாது. அதை இப்போதே ஒப்புக்கொண்டால் திட்டம் தெளிவாகிவிடும். உங்கள் இலக்கு முதல் உறைபனிக்குள் கூடு மூடியிருப்பது: அஸ்திவாரம், சுவர்ச் சட்டம், கூரை, ஜன்னல், கதவு. இதில் அஸ்திவாரத்தையும் கூரையையும் ஆள் வைத்துச் செய்துவிடுங்கள். உங்கள் கை வேலையை ஒயரிங், குழாய், உள்காப்பு என்று மழையும் பனியும் தொடாத இடத்துக்கு ஒதுக்கினால், குளிர்காலம் முழுக்க வேலை நடக்கும்.

காங்கிரீட்டில் அவசரம் காட்டாதீர்கள். உறைந்த மண்மேல் ஊற்றவே கூடாது, மண் இளகும்போது எல்லாம் அமிழும். ஊற்றியதும் உறைந்தால் உள்ளிருக்கும் தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரிந்து காங்கிரீட்டை உள்ளேயே கிழித்துவிடும், கடைசி வலிமையில் பாதி வரை இழக்க நேரலாம். 4 டிகிரிக்குக் கீழே போகும் என்று வானிலை சொன்னால் குளிர்கால முறைப்படி போர்வை போட்டுக் காப்பாற்ற வேண்டும். சுமார் 3.5 மெகாபாஸ்கல் வலிமை வரும் வரை உறையவிடக் கூடாது என்பது அமெரிக்க காங்கிரீட் கழகத்தின் அளவு.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. அஸ்திவாரத்தை உறையும் ஆழத்துக்குக் கீழே இறக்கியாயிற்று, இனி பயமில்லை என்று நினைப்பார்கள். அந்த ஆழம் வெளித்தரையிலிருந்து அளந்தது, உள்ளே சூடான வீடு இருக்கும் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு. நிலவறை (பேஸ்மென்ட்) தோண்டிய வீட்டில் உள்பக்கத் தரை அஸ்திவாரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. குளிர்காலத்தில் உள்ளே வெப்பமே இல்லாமல் விட்டால் குளிர் அந்த வழியாக இறங்கி, அஸ்திவாரத்துக்கு அடியில் மண் உறைந்து மேலே தூக்கிவிடும். சுவர் விரிசல் விடுவது வசந்தத்தில்தான் தெரியும். ஆகவே கூடு மூடிய வீட்டில் குறைந்த அளவாவது வெப்பம் வைத்திருங்கள், அல்லது உள்தரையைத் தடித்த காப்புப் போர்வையால் மூடுங்கள். நிலவறைச் சுவருக்கு வெளியே மண் நிரப்புவதையும் மேல்தளச் சட்டம் ஏறும் வரை தள்ளிப்போடுங்கள். மேலே பிடிப்பு இல்லாத சுவரை மண் உள்ளே தள்ளும்.

வண்டியை நிறுத்தும் இடத்தை இப்போதே முடிவு செய்யுங்கள். காங்கிரீட் லாரியும் மரம் இறக்கும் வண்டியும் வரும் வழியில் வேண்டாம். புதுக் கூரையிலிருந்து பனி சரிந்து விழும் பக்கமும் வேண்டாம். குளிர்காலக் காற்று வண்டியின் குறுகிய முகத்தில் மோதும்படி நிறுத்தினால் கேஸ் செலவு குறையும். வண்டியின் தாங்குகால்களை வெறும் மண்ணில் ஊன்றாமல் சரளை போட்டு, அகலமான பலகை மேல் நிறுத்துங்கள்.

உறைபனிக்கு ஆறு வாரம் இருக்கும்போது ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். செப்டிக், தண்ணீர், மீட்டர் மூன்றில் ஏதாவது ஒன்று இன்னும் வராமல் இருந்தால் அந்த மாதமே வாடகைக்கு ஒரு அறை பாருங்கள், குழந்தை இருக்கிறான். அஸ்திவாரமும் போடாமல் இருந்தால் அதை வசந்தத்துக்குத் தள்ளுங்கள். அப்படி வண்டியைக் காலி செய்து போகிறீர்கள் என்றால் தொட்டிகளையும் தண்ணீர் சூடேற்றியையும் வடித்துவிட்டு, குழாய்களில் ஆர்.வி.க்கான உறைதடுப்புத் திரவம் ஓட்டுங்கள். அது புரோப்பிலின் கிளைகால் வகையா என்று புட்டியில் பாருங்கள். காரில் ஊற்றும் எத்திலின் கிளைகால் விஷம், குடிநீர்க் குழாய்க்குள் போகவே கூடாது.